உங்கள் அக்கா ஏறினால் மட்டும் கொதிக்கும் கார்

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. இங்கே நான் சுகம், கார் பரிபூரண சுகம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டாரும் புதிதாக வைத்த முழங்காலும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் அக்கா சுகமா என்பதை மட்டும் நீங்கள்தான் எனக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டிய மனைவியின் நலத்தை அவள் தம்பியிடம் எழுதிக் கேட்கும் நிலைக்கு நான் வந்துவிட்டேன். போன் செய்து கேட்கலாமே என்பீர்கள். செய்தேன். நீங்கள் காலை நீட்டிப் படுத்திருப்பதால் உங்கள் போனையும் அவள்தான் எடுக்கிறாள். என் குரல் கேட்டதும் "தம்பி தூங்குறான்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். பின்னால் நீங்கள் டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வது எனக்கு நன்றாகவே கேட்கிறது. ஆகவே இந்தக் கடிதம். இதை முதலில் மனதுக்குள் படித்துவிட்டு, பிறகு அவள் அந்த அறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வாய்விட்டு ஒரு முறை படிக்க வேண்டும். எந்த இடத்தைச் சத்தமாகப் படிப்பது, எந்த இடத்தை விழுங்கிவிடுவது என்பதை அங்கங்கே குறித்திருக்கிறேன். அவளுக்கே நேராக எழுதியிருந்தால் பிரிக்காமல் ஜன்னல் கம்பியில் செருகி வைத்திருப்பாள். உங்கள் பெயருக்கு வந்ததென்றால் உங்களுக்கு முன்னால் அவளே பிரித்துவிடுவாள்.

என் மேல் உள்ள குற்றச்சாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டுக்கு வர எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே எஞ்சினைக் கொதிக்க வைத்துப் பாதி வழியில் திரும்பிவிடுகிறேன் என்பது. காப்பீட்டுக் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்தவன் நான். கடை எரிந்துவிட்டது என்று இழப்பீடு கேட்டு வருகிறவரிடம் போய், எரிந்தபோது யார் பக்கத்தில் இருந்தார்கள், எரிந்ததால் யாருக்கு லாபம் என்று துருவித் துருவிக் கேட்டே தலை நரைத்தவன். ஓய்வு பெற்ற பிறகு அதே கேள்விகளை என் வீட்டிலேயே யாராவது என்னைப் பார்த்துக் கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் அக்கா கேட்டாள். அதுவும் எனக்கு வராத நிதானத்தோடு கேட்டாள்.

"நீங்க லைப்ரரிக்குப் போறப்ப கொதிக்கல. உங்க கண் டாக்டர்கிட்ட போறப்ப கொதிக்கல. என் தம்பி வீட்டுக்குன்னா மட்டும் கொதிக்குது. அது எப்படிங்க?"

கேள்வி நல்ல கேள்வி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, என்னைப் பற்றியதாக இல்லாமல் இருந்திருந்தால் எழுந்து நின்று பாராட்டியிருப்பேன். ஏனென்றால் அவள் சொன்னது அத்தனையும் உண்மை. நீங்கள் புதுக் கார் வாங்கியபோது எங்களுக்குக் கொடுத்த இந்தக் காரை நான் தனியாக ஊரெல்லாம் ஓட்டுகிறேன். சூடு காட்டும் முள் பாதியில் ஏறி, அங்கேயே சமர்த்தாக உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் அக்காவை ஏற்றிக்கொண்டு உங்கள் வீட்டுக்குக் கிளம்பினாலோ, பாலம் வரைக்கும் ஒழுங்காக வருகிறது, கடைத்தெரு நெரிசலில் முள் மெல்ல நகர ஆரம்பிக்கிறது, ரயில்வே கேட் மூடியிருந்தால் தீர்ந்தது கதை. ரயில் வருகிறதோ இல்லையோ, பானெட்டிலிருந்து புகை வந்துவிடுகிறது. பின்னால் நிற்கிற வண்டிக்காரர்கள் எல்லாரும் இறங்கி வந்து ஆளுக்கொரு கருத்துச் சொல்கிறார்கள். ஒருவர் மூடியைத் திற என்கிறார், ஒருவர் திறந்தால் முகம் வெந்துவிடும் என்கிறார், ஒருவர் இந்தக் காரை விற்கிறீர்களா என்று கேட்கிறார். உங்கள் அக்கா உங்களுக்காகச் செய்து எடுத்துவந்த பலகாரப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். சூடு அடங்கக் காத்திருந்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்புகிறோம்.

முதல் முறை அவள் என் மேல் பரிதாபப்பட்டாள். அடுத்த முறை என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கடுத்த முறை நான் மேலே எழுதிய கேள்வியைக் கேட்டாள். இதில் என் சங்கடம் உங்களுக்குப் புரிய வேண்டும். காரில் கோளாறு என்று நான் சொல்ல முடியாது. அது தம்பி கொடுத்த கார். காரைக் குறை சொன்னால் தம்பியைக் குறை சொன்னதாக ஆகும். காரில் கோளாறு இல்லை என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அப்படியானால் கோளாறு நான்தான். (இந்தப் பத்தியைச் சத்தமாகப் படிக்க வேண்டாம்.)

காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எங்கள் தெருவில் அவருக்கு டாக்டர் என்று பெயர், பரிசோதனை முடியாமல் வாயைத் திறக்கமாட்டார் என்பதால். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார், மூடியை மாற்றினார், சூடானதும் தண்ணீருக்கு வழிவிடுகிற தெர்மோஸ்டாட்டை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்த்தார், எஞ்சினைக் குளிர்விக்கிற பச்சை நிறக் கூலன்ட்டைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினார். பிறகு ஓட்டிப் பார்க்கலாம் என்று ஏறினார். சும்மா நிற்கும்போதே வேர்த்து வழிகிற உடம்பு அவருக்கு. ஏறியதும் கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை முழு வேகத்தில் வைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே ஊரைச் சுற்றினார். நானும் கூடப் போனேன். அதே கடைத்தெரு, அதே கேட், கேட்டும் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. முள் அசையவில்லை. திரும்பி வந்து கையைத் துடைத்துக்கொண்டு என்னைத் தனியாக ஓரமாக அழைத்துப் போனார்.

"வண்டில ஒண்ணும் இல்ல சார். வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

அவரிடம் இல்லை என்றுதான் சொன்னேன். ஆனால் அடுத்த முறை உங்கள் அக்காவோடு கிளம்பி, அதே கேட்டில் கொதித்தபோது, பிரச்சனை வீட்டுக்குள் வந்துவிட்டது என்று எனக்கே தெரிந்துவிட்டது. அதற்குள் உங்கள் முழங்கால் ஆபரேஷன் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் உங்களை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று அவள் தவித்துக்கொண்டிருந்தாள். எனவே நான் முறையாக விசாரணையில் இறங்கினேன். இங்கே உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனைவி கோபமாக இருக்கிறாள் என்கிற வருத்தம் ஒரு பக்கம் இருந்தாலும், இந்தக் கார் ஏன் இப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொள்கிற ஆசை என்னைத் தூங்கவிடாமல் பிடுங்கியது. ஒரு எஞ்சினுக்கு ஏறுகிறவர் யார் என்று எப்படித் தெரியும்?

முதலில் திசையைச் சந்தேகித்தேன். தனியாகக் கிளம்பி, கேட்டைத் தாண்டி, உங்கள் ஊருக்குள் நுழைந்து, உங்கள் தெருமுனை மருந்துக்கடை வரைக்கும் வந்தேன். கொதிக்கவில்லை. உள்ளே வராமல் அப்படியே திரும்பிப் போனதற்கு மன்னிக்க வேண்டும். வந்திருந்தால் நீங்கள் உட்காரச் சொல்லியிருப்பீர்கள், எஞ்சின் ஆறியிருக்கும், பரிசோதனை கெட்டிருக்கும். இது உங்கள் அக்காவுக்கு இன்னும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அடுத்து எடையைச் சந்தேகித்தேன். அறிவியல் காரணத்துக்காக உன் எடை எவ்வளவு என்று அவளைக் கேட்டேன். அன்று எனக்கு வீட்டில் காபி கிடைக்கவில்லை. பிறகு நானே ஒரு மதிப்புப் போட்டு, பரணில் இருந்த பழைய பத்திரிகைக் கட்டுகளை இறக்கி முன் சீட்டில் அடுக்கினேன். சரிந்துவிடாமல் இருக்க சீட் பெல்ட்டையும் மாட்டினேன். கேட் வரை போய் வந்தேன். கொதிக்கவில்லை. தெருவில் என்னைப் பார்த்தவர்கள் அதன்பிறகு என்னிடம் கொஞ்சம் மெதுவாகவும் தெளிவாகவும் பேசுகிறார்கள்.

பத்திரிகைக்கும் பெண்பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதுதான் என் கெட்ட நேரம். எதிர்வீட்டுத் தையல்காரம்மா அடிக்கடி பட்டன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போகிறவர். அவரை நானே கூப்பிட்டேன். வாங்கம்மா, காரில் கொண்டுபோய் விடுகிறேன், ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா முன் சீட்டில் உட்கார்ந்தால் போதும் என்றேன். இந்த வாக்கியத்தை இப்போது எழுதிப் பார்க்கும்போது இதில் உள்ள தவறு எனக்குத் தெரிகிறது, அப்போது தெரியவில்லை. அந்தம்மா ஏறி உட்கார்ந்து, "சில்லுனு நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு, யாருக்கோ தைத்த சட்டையின் கழுத்து அளவைப் பற்றிப் போகும்போதும் வரும்போதும் பேசினார். கேட்டில் வேண்டுமென்றே இரண்டு ரயிலுக்கு நின்றேன். முள் இம்மியும் நகரவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் காரைக்கூடச் சரியாக நிறுத்தவில்லை. ஓடிப்போய் சமையலறை வாசலில் நின்று, உங்கள் அக்காவிடம் இப்படிச் சொன்னேன்:

"கண்டுபிடிச்சிட்டேன். தையல்காரம்மா உக்காந்தா கொதிக்கல. நீ உக்காந்தாதான் கொதிக்குது."

என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. முடிவு எவ்வளவு சரியாக இருந்தாலும், யார் முன்னால் நின்று சொல்கிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் கையிலிருந்த துணியை நான்காக மடித்து மேடையில் வைத்தாள். அடுப்பை அணைத்தாள். மறுநாள் காலையில் பை தயாராக வாசலில் இருந்தது. "தம்பிக்கு ஆபரேஷன்" என்று மட்டும் சொன்னாள். ரயில் நிலையத்துக்குக் காரில் கொண்டுவிடுகிறேன் என்றேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனாள்.

(இனி வருவதைக் கொஞ்சம் சத்தமாகப் படிக்கவும்.) அவள் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. பால் தினமும் பொங்குகிறது. அது பொங்குவதற்கு முன்னால் சமையலறைக்குள்ளிருந்து ஒரு குரல் வரும், அந்தக் குரல் இப்போது வருவதில்லை. அவள் மூக்குக்கண்ணாடிக் கூட்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு அறையாக எடுத்துக்கொண்டு திரிகிறேன். எனக்கு அவள் இல்லாமல் இருக்க முடியவில்லை. இதை நான் அவளிடமே சொன்னதில்லை, உங்களிடம் எழுதுகிறேன்.

(இது போதும். இனிச் சாதாரணமாகப் படிக்கலாம்.) நேற்றுக் காலை காரை வீட்டு வாசலிலேயே நிறுத்தி, எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டேன். எனக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. பத்திரிகைக் கட்டும் தையல்காரம்மாவும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் அக்கா எங்கேயும் சும்மா உட்காருகிறவள் இல்லை. அவள் ஏறியதும் என்னென்ன செய்வாள் என்று நினைவுபடுத்திக்கொண்டு, அவள் சீட்டில் நானே உட்கார்ந்து, அவள் செய்வதையெல்லாம் வரிசையாகச் செய்தேன். சீட்டை முன்னால் இழுத்தேன். தண்ணீர் பாட்டிலைக் கியருக்குப் பக்கத்தில் செருகினேன். மேலே உள்ள சின்னக் கண்ணாடியை இறக்கி முகம் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் அவள் கேட்கிற கேள்வியை, அதாவது கேஸை அணைச்சீங்களா என்று, காலியாக இருந்த டிரைவர் சீட்டைப் பார்த்துக் கேட்டேன். எதிர்வீட்டு ஜன்னலில் தையல்காரம்மா ஊசியும் கையுமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி ஏசியை நிறுத்தினேன்.

அதுவும் அவள் வழக்கம்தான். நீங்கள் கொடுத்த கார் வந்த முதல் நாள் அவளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனேன். எனக்கு அன்று நல்ல ஜலதோஷம், தும்மிக்கொண்டே ஓட்டினேன். தெருவைத் தாண்டுவதற்குள் அவள் ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கிவிட்டாள். சரி, இவளுக்குக் குளிர் ஆகாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து ஏறியதும் அவள் கை நேராக அந்தப் பொத்தானுக்குத்தான் போகும். நான் தனியாகப் போகும்போது மறுபடியும் போட்டுக்கொள்வேன். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை, பேசுவதற்கு அதில் என்ன இருக்கிறது?

பொத்தானை அழுத்தியதும் காருக்கு முன்னால் ஏதோ ஒரு சத்தம் நின்றது. அப்படி ஒரு சத்தம் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதன் பின்னால் இருந்த ஒரு இரைச்சல் காணாமல் போயிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தேன். பாதியில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பாதியைத் தாண்டியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சிவப்புக் கோட்டைப் பார்த்துப் போக ஆரம்பித்தது. ஏசியைப் போட்டேன். முன்னால் அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. முள் இறங்கியது. மறுபடியும் நிறுத்தினேன், ஏறியது. போட்டேன், இறங்கியது. எத்தனை முறை செய்தேன் என்று எனக்கே தெரியாது. உங்கள் அக்கா சீட்டில் உட்கார்ந்துகொண்டு தனியாகச் சிரித்தேன். தையல்காரம்மா ஜன்னலைச் சாத்திவிட்டார்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு விசிறி இருக்கிறது. வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே போதும். நெரிசலிலும் கேட்டிலும் நிற்கும்போது அந்த விசிறி ஓடினால்தான் தண்ணீர் ஆறும். தண்ணீர் சூடானால் விசிறியை ஓடவிடுவதற்கென்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதுதான் செத்துக் கிடந்திருக்கிறது, எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஏசியைப் போட்டால் அதே விசிறி வேறொரு வயர் வழியாகத் தானே ஓட ஆரம்பித்துவிடும். நான் தனியாகப் போனால் ஏசி, டாக்டர் ஓட்டினால் ஏசி, பத்திரிகைக் கட்டுக்கும் தையல்காரம்மாவுக்கும் ஏசி. உங்கள் அக்கா ஒருத்தி ஏறினால்தான் ஏசி நிற்கும், விசிறியும் கூடவே நிற்கும். பக்கத்துக் கடைக்கெல்லாம் அவள் நடந்தே போகிறவள். அவள் காரில் ஏறுகிற ஒரே நீண்ட பயணம் உங்கள் வீட்டுக்குத்தான், அந்த வழியில்தான் கடைத்தெருவும் கேட்டும் இருக்கின்றன. நீங்களோ காரில் ஏசி போட்டு, அதற்கு மேல் ஸ்வெட்டரும் போட்டுக்கொள்கிறவர். உங்கள் காலத்தில் இது தெரிய வழியே இல்லை. ஆகவே நீங்களும் குற்றமற்றவர்.

டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, "இதைத்தான் நான் முதல்லயே நினைச்சேன் சார்" என்றார். சுவிட்சை மாற்றிவிட்டார். இன்று காலை ஏசி இல்லாமல், வேர்க்க வேர்க்க, கேட்டில் போய் நின்றேன். முள் கொஞ்சம் ஏறியது, விசிறி தானாக ஓட ஆரம்பித்தது, முள் இறங்கியது. ரயில் போய், கேட் திறந்து, பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்த பிறகும் நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். நான் எஞ்சினைக் கொதிக்க வைக்கவில்லை என்பதையும், அவள் உட்கார்ந்ததால் அது கொதிக்கவில்லை என்பதையும் நீங்கள் உங்கள் வாயால் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை காரோடு வருகிறேன், இந்த முறை மருந்துக்கடையைத் தாண்டி வருவேன். அவள் தாராளமாகக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்காரலாம். இனிமேல் அந்தக் காரில் ஏசி கிடையாது. அவளுக்கு ஆகாதது எனக்கும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், இதையும் சத்தமாகவே படியுங்கள்.

உங்கள் முழங்கால் சீக்கிரம் மாடிப்படி ஏறட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும், கோபமாக இருப்பவருக்கு என் அன்பும்.

இப்படிக்கு,
விசாரணையிலிருந்து விடுதலையை எதிர்பார்க்கும்
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் பை வைக்கிற சத்தம் கேட்டது. நீங்கள் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டீர்கள், இனி அவள் அங்கே தேவையில்லை என்று கிளம்பிவிட்டாளாம். அவள் வருவது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடிக் கூட்டை நீட்டினேன். வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்தக் கடிதத்தை நின்றபடியே கடைசிவரை படித்தாள். சத்தமாகப் படிக்க வேண்டாம் என்று எழுதிய இடங்களையும் படித்தாள். கொதிச்சதுகூடப் பரவாயில்லை, என்னைக் கேக்காம தையல்காரம்மாவைக் கேட்டீங்களே, அதுதான் கோபம் என்றாள். பிறகு ஏசி பற்றிய இடத்துக்குத் திரும்பிப் போய் அதை மறுபடியும் படித்தாள்.

"தனியா போறப்ப ஏசி போட்டுக்கிட்டா போவீங்க? தும்முறீங்களே, உங்களுக்கு ஆகாதுன்னுதானே நான் நிறுத்தினேன். இத்தனை நாளா வேர்த்துக் கொட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

ஊரில் ஒருவரையும் விடாமல் விசாரித்தவன், இந்த ஒரு கேள்வியை இவளிடம் கேட்கவே இல்லை. கடிதத்தைக் கிழித்துப் போடவா என்றேன். வேண்டாம், தம்பி படிச்சுட்டு சிரிக்கட்டும் என்றாள், அனுப்புகிறேன். மேலே நான் எடுத்த முடிவுகளையெல்லாம் ரத்து செய்துகொள்ளவும். மாலையில் இருவரும் கேட் வரை போனோம். கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை அவளே முழு வேகத்தில் வைத்தாள். கேட் மூடியிருந்தது. அவள் முகத்தில் காற்று பட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், முள்ளைப் பார்க்கவில்லை. அப்போது எனக்குத் தும்மல் வந்தது. அவள் கை நேராகப் பொத்தானுக்குப் போய்விட்டது. நான் தடுக்கவில்லை. ஏசி நின்ற பிறகும் முன்னால் விசிறி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.